மாமா கிணற்று மணல்: நொய்யலா, ஓடையா?

காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகிற ரோட்டுக்கு மேற்கே என் மாமாவுக்கு ஆறு ஏக்கர் இருக்கிறது. பாதி தோட்டம், பாதி கொறங்காடு. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல், நாலு மாடு. இரண்டு கோடைக்கு முன்னால் தோட்டத்துக் கிணற்றை அகலப்படுத்தினார்கள். மேலே நாலடி செம்மண். அதற்குக் கீழே சுக்காங்கல் (சுண்ணாம்பு இறுகிய கல்), கடப்பாரைக்கு மசியாத ஐந்தடி. பிறகு கொஞ்சம் களி. பன்னிரண்டாவது அடியில் திடீரென்று மணல், ஓர் ஆள் மட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாக. மணலுக்கு அடியில் கோழிமுட்டை அளவில் உருண்ட வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) சரளை. அப்புறம்தான் உளுத்த பாறை.

ஊரில் ஒரே நாளில் தீர்ப்பு வந்துவிட்டது. "அந்தக் காலத்துல நொய்யல் இப்படித்தானுங்க போச்சு." இன்றைய நொய்யல் அங்கிருந்து வடக்கே பல கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. ஆனால் மணல் இருக்கிறது, உருண்ட கல் இருக்கிறது, ஆறு இல்லாமல் இவை எப்படி வரும்?

இது வெறும் திண்ணைப் பேச்சாக இருந்திருந்தால் நான் தலையிட்டிருக்க மாட்டேன். மாமா இன்னொரு கிணறு வெட்டத் திட்டம் போட்டிருந்தார். நொய்யல் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற ஆறு. பழைய ஆறும் அப்படியே ஓடியிருந்தால் மணல் படுகை தோட்டத்தின் கிழக்கு எல்லை வரைக்கும் போயிருக்க வேண்டும். அங்கே வெட்டினால் இதே போலத் தண்ணீர் ஊறும். வேப்பங்குச்சி பிடித்து நீரோட்டம் பார்க்கிறவரும் கிழக்கு மூலையில்தான் நின்றாராம். செலவு சில லட்சம்.

"மாப்ளே, நீ ஜியாலஜி படிச்சவன்தானே. மணலப் பாத்து எங்கிருந்து வந்துதுன்னு சொல்ல முடியாதா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன். சொன்ன வேகத்துக்கு, முதல் இரண்டு வாரம் தவறான வழியில் போனேன். அதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

அத்தையின் வேலை

ஒரு பிடி மணலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெங்கச்சங்கல்லும் ஃபெல்ட்ஸ்பாரும்தான். இவை பெரும்பாலான பாறைகளில் இருப்பதால் ஊர் பேர் சொல்லாது. மீதி இருக்கும் கனமான மணிகள்தான் சொல்லும்: கார்னெட், மேக்னடைட், இல்மனைட், ஹார்ன்பிளெண்ட், ஹைப்பர்ஸ்தீன், ரூட்டைல், ஜிர்கான். வெங்கச்சங்கல்லின் அடர்த்தி 2.65. கார்னெட் 4 பக்கம், ஜிர்கான் 4.6, மேக்னடைட் 5.2. இந்த வித்தியாசத்தை வைத்துக் கனத்தைத் தனியே பிரித்து, மணி மணியாக எண்ணி, இந்தக் கலவை எந்தப் பாறை உள்ள நாட்டிலிருந்து வந்திருக்கும் என்று பின்னோக்கிப் போவதுதான் முறை. பல கோடி ஆண்டு பழைய படுகைகளின் மணற்கல்லுக்கும் இதே முறைதான். கல்லை உடைத்துப் பொடியாக்குவது மட்டும் கூடுதல் வேலை.

ஆய்வகத்தில் புரோமோஃபார்ம் என்ற திரவத்தை ஊற்றிப் பிரிப்பார்கள். அதன் அடர்த்தி 2.89. வெங்கச்சங்கல் மிதக்கும், கனமணிகள் மூழ்கும். அது நஞ்சு என்பதால் இப்போது சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசல் வந்துவிட்டது. விலை கொஞ்சம் கடிக்கும். அதனால் திரவத்துக்குப் போகும் முன் தண்ணீரிலேயே முக்கால்வாசியைக் கழித்துவிட நினைத்து, மாமா வீட்டு வாசலில் ஒரு தாம்பாளத்தை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். "அரிசியில கல்லரிக்கிறதத்தானே சாமி இப்படிக் கஷ்டப்பட்டுச் செய்யறே?" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

கல்லரிப்பது தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். தண்ணீரோடு ஒரு சுழற்று, ஒரு சாய்ப்பு. அரிசி அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் தங்கும். அத்தையின் கையில் கால் மணி நேரத்தில் ஒரு படி மணல் ஒரு ஸ்பூன் கறுப்பும் சிவப்புமாகச் சுருங்கியது. தங்கம் தேடுகிறவர்கள் ஆற்றங்கரையில் சட்டி சுழற்றுவதும் இதே வித்தைதான்.

முதல் பிசகு

கிணற்று மேட்டில் கொட்டிக் கிடந்த மணலிலிருந்துதான் முதல் மாதிரியை எடுத்தேன். பாலிதீன் பைக்குள் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை விட்டுத் தடவினால் கறுப்பாக மயிர் போல ஒட்டியது. மேக்னடைட் என்று நினைத்தேன். மிச்சத்தை நுண்ணோக்கியில் வைத்தால் கார்னெட்டுகளுக்கு நடுவே பழுப்பும் சாம்பலுமாகச் சில மணிகள். கண்ணாடியைக் கீறின. வெங்கச்சங்கல்லையும் கீறின. குறுக்கு ஒளியில் (ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளைக் குறுக்காக வைத்துப் பார்ப்பது) கார்னெட்டை எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே கிடக்கும். இவை திருப்பத் திருப்ப ஒளிர்ந்து மங்கின. குருந்தம்!

ஏன் அவ்வளவு உற்சாகம் என்று சொல்ல வேண்டும். ‘கொரண்டம்’ என்று உலகம் சொல்லும் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். கத்தி தீட்டுகிற சாணைக்கல்லில் அந்தக் காலத்தில் அரக்கோடு சேர்த்தது இந்தத் தூளைத்தான். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி. அது கிடைக்கும் இடங்களில் பேர் போனது சிவன்மலை. கனவில் உத்தரவான பொருளைப் பெட்டியில் வைத்துப் பூஜை செய்கிற முருகன் கோயில் என்றுதான் பலருக்கும் அந்த மலையைத் தெரியும். பாறை படித்தவர்களுக்கு அது நெஃபிலின் சையனைட் என்ற அரிய பாறையால் ஆன மலை. 1901இல் தாமஸ் ஹாலண்ட் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக அந்தப் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார். குருந்தம் பதிந்த சையனைட் அங்கே உண்டு. இதே ஹாலண்ட்தான் நம் பக்கத்துக் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தவர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் அந்தப் பாறையில் ஆனது என்பதால் அந்தப் பெயர். பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர்.

சிவன்மலை தோட்டத்துக்குத் தென்மேற்கே. ஆக மணல் அங்கிருந்து இறங்கியது, நொய்யல் கொண்டு வந்ததல்ல. அன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் இன்னும் கூடுதலாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது வயிறு கலங்கியது. ‘மேக்னடைட்’ மணிகளில் பாதி சுருள் சுருளாக இருந்தன. உளி முனையிலிருந்து சிதறிய இரும்புச் சீவல். குருந்த மணிகள் எல்லாமே கண்ணாடி உடைந்தாற்போலக் கூர் கூராக இருந்தன. ஒன்றில்கூடப் படிக முகம் கிடையாது, ஒரு மூலைகூட மழுங்கவில்லை. இரண்டு மணிகளில் பிசின் ஒட்டிக்கொண்டிருந்தது, ஒன்றில் மெல்லிய கண்ணாடி நார்.

விசாரித்தேன். மோட்டார் பைப் மாற்றியபோது வெல்டிங்காரர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கட்டிங் வீல் போட்டுக் குழாய் அறுத்திருக்கிறார். அந்தச் சக்கரம் உலையில் உருக்கிச் செய்த அலுமினியம் ஆக்சைடு. அதுவும் குருந்தமேதான். நுண்ணோக்கி பொய் சொல்லவில்லை. அது கனிமத்தின் பெயரைச் சரியாகத்தான் சொன்னது. அந்த மணி எந்த ஊர், எந்தக் காலம் என்று கேட்கத் தவறியது நான். மாமாவுக்கு மறுபடி போன் போட வேண்டியிருந்தது. "அப்பொ நொய்யல்தானுங்களா மாப்ளே?" என்றார். அந்த ‘ங்களா’வில் இருந்த கிண்டல் கொங்குக்காரர்களுக்குப் புரியும்.

மறுபடி எடுத்த மாதிரி

இந்தத் தடவை கிரேன் சாலில் உட்கார்ந்து கிணற்றுக்குள்ளேயே இறங்கினேன். சுவரை ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தித் தள்ளிவிட்டு உள்ளிருந்த மணலை, மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில், பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளினேன். இரும்பே தொடவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு பங்காக்கினேன். ஒரு பங்கை நீர்த்த அமிலத்தில் போட்டுச் சுக்காங்கல் பூச்சைக் கரைத்தேன். இன்னொன்றை அமிலம் காட்டாமல் வைத்தேன். அமிலம் பட்டால் அப்பட்டைட் என்ற கனிமமும் கரைந்துபோகும். பிறகு அது இல்லை என்று எழுதுவது நாமே திருடிவிட்டுக் காணவில்லை என்பதைப் போல.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இடத்து மணல் வேண்டியிருந்தது. ஓடை எளிது. சிவன்மலைச் சரிவிலிருந்து தோட்டத்துப் பக்கம் இறங்கும் ஓடையில் மழைக்குப் பிறகு மணல் புதிதாகக் கிடக்கும்.

நொய்யல்தான் தொல்லை. இன்றைய நொய்யல் படுகையில் மணல் அள்ளினால் செங்கல் தூளும் சிமெண்டும் பாட்டில் கண்ணாடியும்தான் முதலில் வரும். 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எடுத்தால், மேலிருந்து வந்தது எது, அணைக்குக் கீழே கரையில் சரிந்தது எது என்று பிரிக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. சிவன்மலைப் பக்கத்து ஓடைகள் கடைசியில் சேருவதும் நொய்யலில்தான். அவை கலந்த பிறகு எடுத்தால் நொய்யலிலும் குருந்தம் இருக்கும், ஒப்பீடே கெட்டுவிடும். அதனால் ஓடைகள் கலப்பதற்கு மேலே, ஆற்றின் பழைய கரை மேடு வெட்டுப்பட்டுத் தெரிகிற இடத்தில், மனிதக் குப்பை இல்லாத அடி மட்டத்தில் எடுத்தேன். இந்த இடத்தைத் தேட மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. எண்ணி முடிக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை.

எண்ணியபோது

ஒவ்வொரு மாதிரியிலும் 300 கனமணி எண்ணினேன். ஏன் 300? ஒரு கனிமம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால், 300 எண்ணியும் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக வாய்ப்பு 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 0.99ஐ 300 தடவை பெருக்கிப் பார்க்கலாம். நூற்றுக்கு ஐந்து இருக்கும் ஒன்றைத் தவற விடாமலிருக்க 60 மணி போதும். ஜிர்கான் வயது பார்க்கிறவர்கள் மாதிரிக்கு 60 மணி என்று ஒரு காலத்தில் வைத்திருந்ததன் கணக்கும் இதுதான். இன்று அவர்கள் நூற்றுக்கு மேல் பார்க்கிறார்கள்.

நொய்யல் மேட்டு மணலில் ஹார்ன்பிளெண்ட், கார்னெட், ஹைப்பர்ஸ்தீன், மேக்னடைட் எல்லாம் கலந்து, ஓரங்கள் தேய்ந்து இருந்தன. வெள்ளியங்கிரி அடிவாரத்திலிருந்து கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகச் சார்னோக்கைட்டும் நீஸ் என்ற வரிவரியான பாறையும் மாறி மாறி வரும் நாட்டைக் கடந்து வரும் ஆற்றில் இருக்க வேண்டியதுதான். 300இல் குருந்தம் ஒன்றுகூட இல்லை. நொய்யலில் குருந்தமே கிடையாது என்று இதற்கு அர்த்தம் செய்யக்கூடாது. இருந்தால் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே என்று மட்டும் சொல்லலாம்.

ஓடை மணலில் குருந்தம் இருந்தது. இந்தத் தடவை நிஜமானது: பீப்பாய் போல நடு பருத்து, ஆறு பக்கம் தெரிய, சாம்பலும் இளஞ்சிவப்புமாக. கிணற்றுச் சுவர் மணலில் மூன்று மட்டத்திலும் அதே பீப்பாய்கள், மூலை லேசாக மழுங்கி.

அளவைச் சும்மா சதவீதத்தில் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஓடும் தண்ணீர் கனத்தையும் பருமனையும் சேர்த்துத்தான் பிரிக்கிறது. 0.10 மில்லிமீட்டர் வெங்கச்சங்கல் மணி தண்ணீரில் இறங்கும் வேகத்தில்தான் ஏறக்குறைய 0.075 மில்லிமீட்டர் கார்னெட்டும் இறங்கும். வெள்ளம் கொஞ்சம் வேகமாக இருந்த நாளில் கனமணி குவியும், மெதுவான நாளில் குறையும். மலை அதேதான், மணல் மட்டும் வேறாகத் தெரியும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. அடர்த்தி ஒன்றுபோல உள்ள இரண்டு கனிமங்களை ஜோடி சேர்த்து அவற்றின் விகிதத்தை மட்டும் பார்ப்பது. தண்ணீர் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தும் என்பதால் விகிதம் கெடாது. 1994இல் மோர்ட்டனும் ஹால்ஸ்வொர்த்தும் இந்த ஜோடி முறையை முறைப்படுத்தி எழுதினார்கள். ரூட்டைலுக்கு ஜிர்கான், அப்பட்டைட்டுக்கு டூர்மலின் என்பது அவர்களுடைய ஜோடிகள். நான் நம்ம ஊருக்கு ஏற்ற ஜோடியாகக் குருந்தத்தையும் கார்னெட்டையும் எடுத்துக்கொண்டேன். இரண்டின் அடர்த்தியும் 4க்கு அருகில். ஓடையிலும் கிணற்றிலும் அந்த விகிதம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு தடவை போன் போட்டு அவமானப்பட்டவன்.

குருந்தம் என்றால் சிவன்மலையா?

கரூர் – காங்கேயம் வட்டாரத்தில் குருந்தம் கிடைக்கும் காடுகள் வேறு பல உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் உண்டு. கொங்கு நாட்டில் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. சேலம் சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட், கஞ்சமலையில் இரும்பு, காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் கடல் நிறப் பச்சைக்கல். படியூர்க் கல்லை 1819–20இல் வெள்ளைக்காரர் தோண்டியது பதிவில் இருக்கிறது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே நொய்யல் கரைக் கொடுமணலில் கல் மணி செய்தவர்களுக்கு எந்தக் கல் எந்தக் காட்டில் என்பது மனப்பாடமாக இருந்திருக்கும். சித்தம்பூண்டிப் பாறை நிலாவின் மேட்டுப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2க்குச் சோதனை மண் தயாரிக்க அந்தப் பக்கத்துக் கல்லைத்தான் பொடித்தார்கள். மணல் தேடுகிறவனுக்கு இவையெல்லாம் முத்திரைகள். சார்னோக்கைட்டும் நீஸும் எங்கும் இருப்பதால் ஊர் சொல்லாது. இந்தச் சின்னச் சின்ன விசித்திரப் பாறைகள்தான் சொல்லும்.

ஆக, குருந்தம் கிடைத்தது என்பது மட்டும் போதாது. அதன் கூட யார் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பொதுவாக, வெங்கச்சங்கல் விளையும் பாறையில் குருந்தம் விளையாது. வெங்கச்சங்கல்லாகிற சிலிக்கா மிஞ்சியிருந்தால், குருந்தமாகிற அலுமினா அதோடு சேர்ந்து வேறு கனிமமாகிவிடும், தனியே குருந்தமாக நிற்காது. நெஃபிலின் சையனைட் சிலிக்கா பற்றாத பாறை. அதனால்தான் அங்கே குருந்தம் நிற்கிறது. கிணற்று மணலில் வெங்கச்சங்கல்லும் குருந்தமும் ஒரே உள்ளங்கையில் இருக்கின்றன என்றால், குறைந்தது இரண்டு வேறு பாறைகள் கலந்திருக்கின்றன என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பருமனான மணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். குருந்தம் ஃபெல்ட்ஸ்பாருக்குள் இன்னும் பதிந்தே இருக்கும் மணிகள் சில அகப்பட்டன. அந்த ஃபெல்ட்ஸ்பாரில் வெங்கச்சங்கல் துளியும் இல்லை. சையனைட் துண்டுதான். ஃபெல்ட்ஸ்பாருக்கு இரண்டு பக்கம் பிளவு உண்டு, நெடுந்தூரம் உருட்டினால் அது குருந்தத்தைக் கைவிட்டுவிடும். இந்தத் துண்டுகள் சேர்ந்தே இருப்பதால் வந்த தூரம் சில கிலோமீட்டர்தான். கரூர்ப் பக்கம் கிழக்கே, தண்ணீர் கீழே போகும் திசை. சித்தம்பூண்டி காவிரிக்கு அந்தப் பக்கம். மேட்டுப் பக்கம் மிச்சம் இருந்தது சிவன்மலை.

நெஃபிலின் எங்கே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓடை மணலிலேயே அது அரிதாகத்தான் இருந்தது. வெயிலும் மழையும் பட்டால் நெஃபிலின் சீக்கிரம் களியாகிவிடும்.

ரம்பப் பல்

கிணற்று மணலுக்கும் ஓடை மணலுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. ஓடையில் ஹார்ன்பிளெண்டும் ஹைப்பர்ஸ்தீனும் தாராளம், உடைந்த விளிம்போடு பளிச்சென்று. கிணற்றில் ஹைப்பர்ஸ்தீன் அருகிவிட்டது. இருந்த ஹார்ன்பிளெண்ட் மணிகளின் இரு நுனியும் ரம்பப் பல் போல அரிக்கப்பட்டிருந்தன. ஆற்றில் உருண்டு வந்திருந்தால் அந்தப் பற்கள் முதல் நாளே உடைந்திருக்கும். மணல் படிந்த பிறகு, இடுக்கில் நின்ற நிலத்தடி நீர் இருந்த இடத்திலேயே அதைக் கரைத்திருக்கிறது.

கணக்கை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் ‘ஓடையில் ஹைப்பர்ஸ்தீன் அதிகம், கிணற்றில் குறைவு, ஆகவே மூலம் வேறு’ என்று எழுதியிருப்பேன். அட்டவணையில் அது ரொம்ப அழகாக இருந்திருக்கும். பழைய படுகைகளில் இந்தத் தவறுதான் அடிக்கடி நடக்கிறது. பன்னிரண்டு அடி ஆழத்தில் கொஞ்ச காலம் கிடந்த மணலுக்கே இந்தக் கதி என்றால், கிழக்கே அரியலூரில் கிடக்கும் மணற்கல்லை நினைத்துப் பாருங்கள். கோண்டுவானா என்ற பழைய தென் பெருங்கண்டம் உடைந்தபோது நம் கிழக்குப் பக்கம் இறங்கிப் பள்ளமானதில் காவிரிப் படுகை உண்டானது. மேற்கே உயர்ந்து நின்ற பாறை நாட்டிலிருந்து தேய்ந்த மணல் அதில் போய்ப் படிந்தது. அங்கே வெளியில் தெரியும் கிரெட்டேசியஸ் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்து 1862இல் எழுதியவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். ஆறரைக் கோடி ஆண்டிலிருந்து பத்துக் கோடி ஆண்டுக்கு மேல் வரை வயதான படிவுகள். டெல்டாவுக்குக் கீழே எண்ணெய்க் கிணறுகளில் வரும் மணற்கல் இன்னும் ஆழம், இன்னும் சூடு.

ஆழம் போகப் போகக் கனிமங்கள் ஒரு வரிசையில் காணாமல் போகும். முதலில் ஆலிவின், ஹைப்பர்ஸ்தீன் வகையறா. அடுத்து ஹார்ன்பிளெண்ட். பிறகு எபிடோட், அப்புறம் கயனைட், ஸ்டாரோலைட். கார்னெட் நெடு நாள் தாங்கி அதுவும் போகும். கடைசியில் முக்கியமாக மிஞ்சுவது ஜிர்கான், ரூட்டைல், டூர்மலின் மூன்றும்தான். ஆழமான மணற்கல்லில் ஹைப்பர்ஸ்தீன் இல்லை என்பதை வைத்து, அந்தக் காலத்தில் கொங்கு மேட்டில் ஹைப்பர்ஸ்தீன் தருகிற சார்னோக்கைட் வெளியே தெரியவில்லை என்று ஒருவர் எழுதினால் நான் நம்ப மாட்டேன். மணியின் நுனியில் பல் இருந்ததா என்று முதலில் கேட்பேன். ஹைப்பர்ஸ்தீன் கார்னெட்டுக்குள்ளோ சிமெண்ட் போல இறுகிய சுண்ணாம்புக் கட்டிக்குள்ளோ மாட்டித் தப்பியிருக்கிறதா என்று அடுத்துக் கேட்பேன். சுண்ணாம்பு சீக்கிரம் இறுகினால் அது உள்ளிருக்கும் மணிகளுக்கு ஊறுகாய் ஜாடி மாதிரி. மாமா கிணற்றிலும் சுக்காங்கல் அப்பிய கட்டிகளை உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஹைப்பர்ஸ்தீன் ஓடையில் இருந்த மாதிரியே இருந்தது. எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த சாட்சி அதுதான்.

ஜிர்கான் வயது பார்க்கவில்லையா என்று மாணவர்கள் கேட்டார்கள். யுரேனியம் ஈயமாக மாறும் கடிகாரம் ஜிர்கானுக்குள் இருக்கிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 446.8 கோடி ஆண்டு. லேசரால் ஒரு மணியில் முடி அகலத்துக்கும் குறைந்த குழி போட்டு வயதைப் படிக்கலாம். கொங்கின் வடபக்கப் பாறைகள் 250 கோடி ஆண்டு பக்கம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரியை ஒட்டிப் போகும் பிளவு மண்டலத்துக்குத் தெற்கே, அமராவதி இறங்கி வரும் மலைகளில், 55 கோடி ஆண்டுக்கு முந்தைய பெரும் சூட்டின் முத்திரை அழுத்தமாக இருக்கும். சிவன்மலை சையனைட் 59 கோடி பக்கம். அரியலூர் மணற்கல்லில் எந்தப் பக்கத்து மலை எவ்வளவு தந்தது என்று கேட்டால் இந்தக் கடிகாரம் இல்லாமல் வேலை நடக்காது. மாமா கிணற்றுக்கு அது தேவைப்படவில்லை. ஜிர்கானுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது சாகவே சாகாது. ஒரு மணற்கல் அழிந்து இன்னொரு மணற்கல் ஆனாலும் அதே மணி அப்படியே வந்து உட்காரும். அது கடைசியாக எங்கிருந்து வந்தது என்பதை அதன் வயது சொல்லாது.

உருண்ட கல்

மாமா விடுவதாயில்லை. "எல்லாஞ் சரி மாப்ளே, அடியில கெடக்கற கல்லு உருண்டிருக்குதே. ஓடை ரெண்டு மைல்ல அப்படி உருட்டுமா?"

உருட்டாது. வெங்கச்சங்கல் அந்த அளவுக்கு உருள நெடுந்தூரம் வேண்டும். சரளையைத் தனியாக அள்ளி வந்து கழுவினேன். பல கற்கள் பாதி உருண்டை, பாதி உடைசல். உருண்ட பக்கம் செம்பழுப்புக் கறை தோலுக்குள் இறங்கியிருந்தது. உடைந்த முகத்தில் கறை இல்லை. முதலில் எங்கோ உருண்டு, எங்கோ படிந்து, கறையேறி, பிறகு ஓடையால் பெயர்க்கப்பட்டு, மோதி உடைந்து, இங்கே வந்து மறுபடி படிந்த கற்கள். அதாவது மேட்டில் எங்கோ ஒரு பழைய ஆற்றுச் சரளை இருந்திருக்கிறது, ஓடை அதைச் சுரண்டிக் கொண்டு வந்திருக்கிறது. மாமாவுக்கு அரை மார்க் கொடுத்தேன். அவர் முழு மார்க் என்று எடுத்துக்கொண்டார்.

சரளை இன்னொரு உதவியும் செய்தது. தட்டையான கற்கள் கூரை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஓடும் தண்ணீரில் கற்கள் தண்ணீர் வரும் பக்கம் சாய்ந்து நிற்கும். கிணற்றின் நான்கு சுவரிலும் அளந்து பார்த்தேன். சாய்வு தென்மேற்கே. தண்ணீர் தென்மேற்கிலிருந்து வடகிழக்கே போயிருக்கிறது. மணி சொன்னதும் கல் சொன்னதும் ஒன்றானது. மணல் படுகை கிழக்கு எல்லைக்குப் போகவில்லை, வடகிழக்கு மூலையை நோக்கிக் குறுகலாகப் போகிறது என்று காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். நீரோட்டம் பார்த்தவர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வெயில் பட்டுக் குச்சி கொஞ்சம் விலகியிருக்கலாம் என்றார். நல்ல மனிதர்.

மாமா இரண்டு இடத்திலும் பொக்லைன் விட்டுக் குழி எடுத்தார். கிழக்கு எல்லைக் குழியில் செம்மண், சுக்காங்கல், பதினோராவது அடியில் நேரே பாறை. மணல் ஒரு கைப்பிடியும் இல்லை. வடகிழக்கு மூலையில் பதின்மூன்றாவது அடியில் வாளியின் பல்லில் மணல் ஒட்டி வந்தது, ஈரமாக. அத்தை அதில் ஒரு சொப்பு அள்ளிக்கொண்டு போய் அரித்துவிட்டு, அடியில் தங்கியதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பீப்பாக் கல்லு இதுலயும் இருக்குது கண்ணு" என்றார்.

அங்கே கிணறு வெட்டி ஒரு போகம் எடுத்தாகிவிட்டது. வந்தவர்கள் மணலைப் பார்த்து ஆச்சரியப்பட்டால் மாமா இன்னமும் "நொய்யல் பழைய ஆத்து மணலுங்க" என்றுதான் சொல்கிறார். நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்.